73-வது பந்து யாருக்குச் சொந்தம்?

வழக்கு அனுபவம் எழுதச் சொன்னால், தான் வக்காலத்து போட்டு நடத்திய வழக்கைத்தான் எந்த வழக்கறிஞரும் எழுதுவார். இது நான் நடத்திய வழக்கு அல்ல. நடந்தது அமெரிக்காவில், சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தின் சுப்பீரியர் கோர்ட்டில். வாதி, பிரதிவாதி இருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. வழக்குச் சொத்து ஒரு பந்து. ஆனாலும் இத்தனை வருட சிவில் தொழிலில் உங்கள் மனதில் அழுத்தமாகப் பதிந்த தீர்ப்பு எது என்று ஜூனியர்கள் கேட்டால், நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல்வதற்கு முன்பே இதைத்தான் சொல்வேன்: போபோவ் எதிர் ஹயாஷி, 2002 டிசம்பர் 18, நீதிபதி கெவின் மெக்கார்த்தி.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்குச் சுவாதீனம் பற்றி வகுப்பெடுக்கத் தயாரானபோதுதான் இந்தத் தீர்ப்பு எனக்குக் கிடைத்தது. படித்து முடித்ததும் அதோடு விட முடியவில்லை. மட்டையிலிருந்து கிளம்பிய பந்து ஒருவர் கையில் வெளிச்சத்துக்கு வந்ததுவரை என்ன நடந்தது என்று தேடித் தேடிப் படித்தேன். இந்த வழக்கைப் பற்றி மைக்கேல் ரானோவிக்ஸ் எடுத்த 'அப் ஃபார் கிராப்ஸ்' என்ற ஆவணப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு விளையாட்டின் புகழ்பெற்ற கணம் என்று ஊரே கொண்டாடுவதை நீதிமன்றக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டால் என்ன மிஞ்சும் என்பதை இந்த வழக்கு எனக்குக் காட்டியது.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடித்த பந்து மைதானத்தைத் தாண்டிப் பார்வையாளர் பகுதிக்குள் போய் விழுந்தால் அது ஹோம் ரன். நம் கிரிக்கெட்டின் சிக்ஸர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிக்ஸர் பந்தைப் பிடித்த ரசிகர் அதை மைதானத்துக்குள் எறிந்துவிட வேண்டும். ஹோம் ரன் பந்து பிடித்தவருக்கே சொந்தம். அதனால்தான் அங்கே பெரியவர்கள்கூடக் கையுறை மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வருகிறார்கள்.

ஒரு சீசனில் அதிக ஹோம் ரன் யார் அடித்தது என்பது அந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. 1927-ல் பேப் ரூத் 60 அடித்தார். முப்பத்து நான்கு வருடம் கழித்து, 1961-ல் ரோஜர் மாரிஸ் 61. 1998-ல் மார்க் மக்வயர் அதை 70-க்குக் கொண்டுபோனார். மக்வயரின் அந்த 70-வது பந்தைக் காமிக்ஸ் படைப்பாளி டாட் மக்ஃபார்லேன் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். விளையாட்டு நினைவுப் பொருளாக இருந்த பந்து அன்றைக்குச் சொத்தாகிவிட்டது. வழக்குக்கான விதை அங்கேயே விழுந்துவிட்டது என்பேன்.

2001-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பாரி பாண்ட்ஸ் 70-ஐத் தாண்டினார். அக்டோபர் 5 அன்று ஒரே ஆட்டத்தில் 71, 72. செப்டம்பர் 11 தாக்குதலால் ஆட்டங்கள் தள்ளிப்போனதால் சீசன் அந்த வருடம் அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமைவரை நீண்டது. கடைசி நாள் ஆட்டம், சொந்த ஊர், பாக்பெல் பார்க் மைதானம். எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். முதல் இன்னிங்ஸிலேயே டென்னிஸ் ஸ்பிரிங்கர் வீசிய மெதுவான 'நக்கிள்' பந்தை பாண்ட்ஸ் வலப்பக்கம் தூக்கி அடித்தார். அது 73-வது ஹோம் ரன். இதை நான் எழுதும்வரை அந்தச் சாதனை முறியடிக்கப்படவில்லை.

மைதானத்தின் வலப்பக்கச் சுவருக்கு மேலே ஆட்டம் பார்க்க ஆர்க்கேட் என்ற ஒரு நடைபாதை உண்டு. அதற்குப் பின்னால் கடல். பாண்ட்ஸ் இடக்கை ஆட்டக்காரர் என்பதால் அவர் பந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும் என்பது ரசிகர்களுக்குத் தெரியும். கையுறைகளோடு கூட்டம் அங்கே நெருக்கியடித்து நின்றது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் அலெக்ஸ் போபோவ், உணவகம் நடத்துபவர். அவருக்குப் பக்கத்தில் பேட்ரிக் ஹயாஷி. இருவருக்கும் முன்பின் அறிமுகம் கிடையாது. கொஞ்சம் தள்ளி ஜாஷ் கெப்பல் என்ற தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் கேமராவோடு நின்றிருந்தார். அவர் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் இந்த வழக்கே வேறு மாதிரி போயிருக்கும்.

இனி வருவது நீதிபதி மெக்கார்த்தி உண்மை என்று தீர்மானித்த விவரங்கள். கெப்பலின் ஒளிப்பதிவையும், நேரில் பார்த்த சாட்சிகளின் வாக்குமூலங்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டு அவர் எழுதியவை. எனக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பந்து போபோவின் கையுறையில் வந்து விழுந்தது. உள்ளங்கைக் குழியில் அல்ல. கையுறையின் மேல்பக்கத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் தோல் வலையில். பந்தின் வேகம் அங்கே நின்றது. ஆனால் பந்து பத்திரமாக உட்கார்ந்ததா என்பது தெளிவாக இல்லை. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்ததால் அவர் நிலை தடுமாறியிருக்கலாம். பந்து கையுறைக்குள் போய்க்கொண்டிருக்கும்போதே கூட்டம் அவரைச் சூழ்ந்துவிட்டது. பிடிக்கிற வேலை முடிவதற்குள் அவரைக் கீழே தள்ளினார்கள். சிலர் பந்தைப் பறிப்பதற்கென்றே மேலே விழுந்தார்கள்; சிலர் கூட்டத்தின் நெருக்கித்தள்ளலில் தாங்களும் விழுந்தார்கள். போபோவ் முகம் தரையில் அழுந்த, பல பேருக்கு அடியில் கிடந்தார். ஒரு கட்டத்தில் மூச்சு விடவே சிரமப்பட்டார். அவரைப் பிடித்து இழுத்தார்கள், அடித்தார்கள், உதைத்தார்கள். கையுறை இருந்த பக்கம் அவர் உடம்புக்கு அடியில் கைகளை விட்டுத் துழாவினார்கள். காவலாளிகள் ஒவ்வொருவராக இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. ஒருவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் அகற்ற முடிந்தது.

அங்கே அப்படியொன்றும் அடிதடி நடக்கவில்லை என்று சாட்சி சொன்னவர்களும் இருந்தார்கள். முக்கியமான விஷயத்தில் அவர்கள் சொன்னது பொய் என்று நீதிபதி பதிவு செய்து தள்ளிவிட்டார். கட்டுப்பாடு இழந்து வன்முறையில் இறங்கிய கும்பல் அது என்பதற்கு ஒளிப்பதிவே சாட்சி.

இதே சந்தடியில் ஹயாஷியும் தன் விருப்பமில்லாமல் தரையில் தள்ளப்பட்டார். யாரையும் அவர் தாக்கவில்லை. தவறான செயல் எதையும் செய்யவில்லை. கீழே கிடந்தபோது பந்து தரையில் தனியாகக் கிடப்பதைப் பார்த்தார். எடுத்தார், எழுந்தார், சட்டைப் பையா கால்சட்டைப் பையா என்ற ஆராய்ச்சி வேண்டாம், பைக்குள் போட்டுக்கொண்டார். யாரிடமும் காட்டவில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி கெப்பலைக் கேட்டார். கெப்பல் உடனே திருப்பவில்லை. அதுவரை பந்து வெளியே வரவில்லை. கூட்டத்தில் வேறொருவரும் சொன்ன பிறகு கேமரா அவர் பக்கம் திரும்பியது. அப்போதுதான் பந்தை உயர்த்திக் காட்டினார். யாரோ கையை நீட்டியதும் அதைத் தன் கையுறைக்குள் வைத்துக்கொண்டார்.

போபோவ் எழுந்தார். ஹயாஷியிடம் பந்து இருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி; அதை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். ஹயாஷி பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காவலாளிகள் ஹயாஷியைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப்போனார்கள்.

போபோவ் பந்தைப் பெற்றுக்கொள்ளக் கை நீட்டுகிற அந்த இடம்தான் என்னை உலுக்குகிறது. தொலைத்த பொருளை யாரோ எடுத்து வைத்திருக்கிறார், கொடுத்துவிடுவார் என்று நம்புகிறவரின் உடல்மொழி அது. நடிப்பதற்கு அவருக்கு நேரம் இருந்திருக்காது. தரையில் கிடந்தபோதும் எழுந்த உடனேயும் அவர் பேசியவை ஒளிப்பதிவில் கேட்கின்றன. பந்து தன் வசம் வந்தது, அதைத் தான் விடுவதாக இல்லை என்ற அவர் கட்சியோடு அவை பொருந்தி வருவதாக நீதிபதியும் சொல்கிறார்.

பந்து எந்த நொடியில் கையுறையை விட்டுப் போனது? எதனால் போனது? கும்பல் தட்டியதா, அவர் சரியாகப் பிடிக்கவில்லையா? ஒளிப்பதிவு இதைக் காட்டவில்லை. எந்தச் சாட்சியும் பார்க்கவில்லை. இதைக் கண்டறிய முடியாது என்று நீதிபதி ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டு மேலே போகிறார்.

நம் கோர்ட்டுகளில் காலம் கழித்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் கனம் புரியும். கண்டறிய முடியாத இடத்தில் யாராவது ஒரு சாட்சியை நம்பி இட்டு நிரப்பிவிடுவது எளிது. மேல்முறையீட்டில் உண்மை விவரத்தைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள் என்ற தைரியமும் உண்டு. தெரிந்தது எது, தெரியாதது எது என்று கோடு போட்டுக் காட்டுகிற தீர்ப்புகள் அபூர்வம்.

இன்னொன்றையும் கவனித்தேன். கேமரா தன் பக்கம் திரும்பும்வரை பந்தை வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்ததை ஹயாஷி சாட்சிக் கூண்டில் மறுத்தார். அந்தப் பகுதி நம்பத்தக்கதல்ல என்று நீதிபதி நிராகரித்தார். ஆனால் அந்த ஒரு பொய்யை வைத்து அந்த மனிதரின் சாட்சியம் முழுவதையும் தூக்கி எறியவில்லை. அவர் யாரையும் தாக்கவில்லை என்ற முடிவு அப்படியே நின்றது. நம் நாட்டு நீதிமன்றங்களும் இதைத்தான் பல காலமாகச் சொல்லி வருகின்றன: ஒரு விஷயத்தில் பொய் சொன்னவர் எல்லாவற்றிலும் பொய் சொன்னார் என்ற விதி இங்கே இல்லை, நெல்லையும் பதரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று. சொல்வது சுலபம். பிரித்துக் காட்டுவது எப்படி என்பதற்கு இந்தத் தீர்ப்பு கண்கூடான பாடம்.

பந்தைக் கேட்டு போபோவ் வழக்கு தொடுத்தார். தன் சொத்தைப் பிரதிவாதி அபகரித்துக்கொண்டார் என்பது பிராதின் சாரம். நீதிமன்ற உத்தரவுப்படி பந்து வங்கிப் பெட்டகத்துக்குள் போனது.

சட்டப் பிரச்சினை பார்வைக்கு எளியது. மட்டை தொடும்வரை பந்து மேஜர் லீக் பேஸ்பால் அமைப்புக்குச் சொந்தம். மட்டையில் பட்டுக் கிளம்பியதும், உரிமையாளர் வேண்டுமென்றே கைவிட்ட பொருள். கைவிட்ட பொருளை முதலில் தன் சுவாதீனத்துக்குக் கொண்டுவருபவர் அதன் உரிமையாளர். இதில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. மிச்சம் இருப்பது ஒரே கேள்வி: சுவாதீனம் எப்போது பூர்த்தியாகிறது? வலையில் பந்து நின்ற அந்த நொடியிலேயே போபோவுக்குச் சுவாதீனம் வந்துவிட்டதா?

சட்டக் கல்லூரியில் சால்மண்டின் நூலைப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி பழைய நண்பன். பொருள்மீது உண்மையான கட்டுப்பாடு வேண்டும், அதை வைத்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டும். எண்ணம் போபோவுக்கு இருந்தது, கட்டுப்பாடுதான் கேள்வி. 1805-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்த்த பியர்சன் எதிர் போஸ்ட் வழக்கில் ஒருவர் நாய்களோடு நரியைத் துரத்திக்கொண்டு போனார். இன்னொருவர் குறுக்கே புகுந்து அதைக் கொன்று எடுத்துக்கொண்டார். துரத்தியது போதாது, பிடித்தவருக்கே நரி என்றார்கள். 1844-ல் இங்கிலாந்தின் யங் எதிர் ஹிச்சன்ஸ். மீன் கூட்டத்தைச் சுற்றி வலை போட்டாயிற்று. வாய் மூட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்த இடைவெளியில் எதிராளி தன் படகைச் செலுத்தி மீனை அள்ளினார். வலை போட்டவருக்கு மீன்மேல் சுவாதீனம் வரவில்லை என்று தீர்ப்பு. மாணவனாக இருந்தபோது இந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தியது. முக்கால்வாசி உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற சட்டத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றியது. அந்தக் குறைக்குப் பதில் சொல்ல ஒரு பேஸ்பால் பந்து வரவேண்டியிருந்தது.

திமிங்கிலத்துக்கு வேறு விதி. அமெரிக்கக் கடலோரத்தில் திமிங்கிலத்தை ஈட்டியால் குத்தினால் அது கடலுக்கடியில் மூழ்கிவிடும். சில நாள் கழித்து வேறெங்கோ கரையொதுங்கும். குத்திய நொடியில் அதைக் கட்டுப்படுத்த யாராலும் முடியாது. அதனால் ஈட்டியின் அடையாளத்தை வைத்து, குத்தியவருக்கே திமிங்கிலம் என்ற அந்தத் தொழிலின் வழக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. கென் எதிர் ரிச், 1881. பொருளுக்குப் பொருள், இடத்துக்கு இடம் சுவாதீனத்தின் அளவு மாறும் என்பது இதிலிருந்து தெரிகிறது. ஒரு பந்தை உள்ளங்கையில் இறுகப் பிடிக்க மனிதனால் முடியும். அப்படிப் பிடித்த பிறகுதான் என்னுடையது என்று சொல்ல வேண்டும் என்பது அந்த நடைபாதையில் நிற்கிற ரசிகர்களின் எதிர்பார்ப்பும்கூட.

மெக்கார்த்தி இதைத் தன் அறையில் தனியாக உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. நான்கு சட்டப் பேராசிரியர்களை வரவழைத்தார். பிரையன் கிரே, ராஜர் பெர்ன்ஹார்ட், பால் ஃபிங்கெல்மன், ஜான் ஸ்டிக்லிட்ஸ். விவாதம் நடந்தது கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹேஸ்டிங்ஸ் சட்டக் கல்லூரியில். கருத்தரங்கமாக அல்ல, நீதிமன்றத்தின் முறையான அமர்வாகவே. சொத்துரிமைச் சட்டம் படிக்க ஆரம்பித்திருந்த முதல் வருட மாணவர்கள் அங்கே உட்கார்ந்து கேட்டார்கள். நடப்பு வழக்கின் வாதம் ஒரு வகுப்பறைக்குள் நடப்பதை நினைத்துப் பார்க்கிறேன். நம் ஊரில் ஒரு மாவட்ட நீதிபதி இப்படி ஒரு நாளைச் சட்டக் கல்லூரியில் நடத்தினால் அந்த மாணவர்கள் வாழ்நாளில் சுவாதீனச் சட்டத்தை மறக்கமாட்டார்கள்.

பந்தின் வேகத்தை நிறுத்தி, அதை வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தாலே சுவாதீனம் வந்துவிடும் என்பது அங்கே பேசப்பட்ட ஒரு கருத்து. கிரே முன்வைத்த விதி கடுமையானது. பந்தின் ஓட்டமும், அதைப் பிடிக்கப் பாய்ந்த மனிதரின் ஓட்டமும் அடங்கிய பிறகு பந்து முழுக்க அவர் பிடியில் இருக்க வேண்டும். அதற்கு முன், யாரும் உள்நோக்கமில்லாமல் இடித்தோ, கம்பியில் பட்டோ நழுவினால் அது பிடித்ததாகாது. அடுத்து எடுப்பவருக்குப் போகும். நீதிபதி இந்த விதியை ஏற்றார். எனக்கும் இதுவே சரி என்று படுகிறது. தொட்டவர், தடுத்தவர், விரலில் பட்டவர் எல்லோரும் உரிமை கொண்டாட ஆரம்பித்தால் ஒரு பந்துக்குப் பத்து பிராது வரும்.

இந்த விதிப்படி போபோவ் நிரூபிக்க வேண்டியது, கும்பல் தாக்காமல் இருந்திருந்தால் பந்து தன் கையிலேயே நின்றிருக்கும் என்பதை. சிவில் வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. தன் பக்கம் கொஞ்சம் கூடுதல் சாத்தியம் இருப்பதாகக் காட்டினால் போதும். அதையும் அவரால் காட்ட முடியவில்லை. கேமராவும் சொல்லவில்லை, சாட்சிகளும் சொல்லவில்லை. அதைச் சொல்ல ஞானதிருஷ்டி உள்ளவர் வேண்டும், அது நீதிபதியின் வேலை அல்ல என்ற பொருளில் மெக்கார்த்தி எழுதுகிறார். ஆக, முழுச் சுவாதீனம் போபோவுக்கு வரவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் தீர்ப்பு முடிந்துவிடும். வாதி நிரூபிக்கவில்லை, தாவா தள்ளுபடி. நானும் பிரதிவாதி தரப்பில் நின்று எத்தனையோ வழக்குகளில் இதையே கேட்டிருக்கிறேன், வாங்கியும் இருக்கிறேன். மெக்கார்த்தி இங்கே நிற்கவில்லை. வாதியால் ஏன் நிரூபிக்க முடியவில்லை என்று ஒரு படி கீழே இறங்கிக் கேட்டார். நிரூபிக்கும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்தது யார்? சட்டவிரோதமாக அவர்மேல் பாய்ந்த கும்பல். அந்தக் கும்பலின் செயலால் வந்த இருட்டின் பாரத்தை அடிபட்டவர் தலையிலேயே ஏற்றலாமா? நீதிமன்றம் இருக்கிற நாட்டில் யார் பலசாலியோ அவருக்கே பொருள் என்று விட்டுவிட முடியாது என்பது அவர் வாதம்.

அதிலிருந்து அவர் கண்ட விதி இதுதான்: கைவிடப்பட்ட பொருளைத் தன் சுவாதீனத்துக்குக் கொண்டுவர ஒருவர் குறிப்பிடத்தக்க முயற்சி எடுத்து, அந்த முயற்சி முடிவதற்குள் மற்றவர்களின் சட்டவிரோதச் செயல் குறுக்கிட்டுத் தடுத்துவிட்டால், சட்டம் மதிக்கத்தக்க ஓர் உரிமை அவருக்கு உண்டு. முழுச் சுவாதீனம் அல்ல. சுவாதீனத்துக்கு முந்தைய உரிமை.

நம்முடைய 1963-ஆம் வருட ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்டின் 6-வது பிரிவை வைத்து வழக்கு போட்டவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். அசையாச் சொத்தின் சுவாதீனத்தில் இருந்தவரை முறையற்ற வழியில் வெளியேற்றினால், பட்டா யார் பெயரில் இருக்கிறது, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காமல் ஆறு மாதத்துக்குள் வழக்கு போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். சட்டத்தைக் கையில் எடுத்தவர் அதனால் லாபம் அடையக்கூடாது என்பதே அதன் உயிர். ஆனால் உள்ளே இருந்தவரைத்தான் அந்தப் பிரிவு காக்கிறது. வாசற்படியில் ஒரு காலை வைத்த நேரத்தில் அடித்து விரட்டப்பட்டவருக்கு அதில் இடமில்லை. மெக்கார்த்தி காத்தது அந்த வாசற்படி மனிதரை. யங் எதிர் ஹிச்சன்ஸில் எனக்கு இருந்த உறுத்தலுக்கு இங்கேதான் பதில் கிடைத்தது.

சரி, போபோவுக்கு உரிமை உண்டு என்றால் பந்தை அவரிடம் கொடுத்துவிடலாமே? முடியாது. ஏனென்றால் அவர்மேல் பாய்ந்தவர் ஹயாஷி அல்ல. ஹயாஷியும் அதே கும்பலால் தள்ளப்பட்டவர்தான். தரையில் கிடந்த பந்தை எடுத்துத் தன் முழுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்த ஒரே மனிதரும் அவர்தான். போபோவால் அந்தப் பந்தைக் கடைசிவரை பிடித்திருக்கவே முடியாது என்றும் இருக்கலாம். அப்படியானால் முழுப் பந்தையும் அவரிடம் கொடுப்பது ஹயாஷிக்குச் செய்யும் அநியாயம். ஹயாஷியிடமே விட்டால், கும்பல் செய்த குற்றத்துக்கு போபோவ் மட்டும் விலை கொடுப்பார். உலகத்தில் மற்ற எல்லோரையும்விட இருவருக்கும் மேலான உரிமை; ஒருவருக்கு எதிராக மற்றவருக்கு மேலான உரிமை இல்லை.

பொருளைக் கண்டெடுத்தவர்கள் பற்றிய சட்டத்தில் சமமாகப் பங்கிடுவது குறித்து ஆர். எச். ஹெல்ம்ஹால்ஸ் எழுதிய கட்டுரையை நீதிபதி எடுத்துக்கொண்டார். 1896-ல் நியூ ஜெர்சியில் தீர்க்கப்பட்ட கெரான் எதிர் காஷ்மன் வழக்கும் துணைக்கு வந்தது. ஐந்து பையன்கள் வழியில் கிடந்த ஒரு பழைய காலுறையை எடுத்து ஒருவரை ஒருவர் அடித்து விளையாடினார்கள். விளையாட்டில் அது கிழிந்தது. உள்ளிருந்து பணம் கொட்டியது. முதலில் எடுத்த பையனுக்குக் காலுறையை வைத்துக்கொள்ளும் எண்ணம்கூட இருக்கவில்லை, பணம் வெளியே வந்தபோது எல்லோர் கையிலும் அது இருந்தது என்று ஐவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பந்தை வெட்டிப் பிரிக்க முடியாது. துண்டாக்க முடியாத குடும்பச் சொத்தை நம் நீதிமன்றங்கள் 1893-ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்வதுண்டு. அங்கேயும் அதுவே உத்தரவு: விற்று, தொகையை இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தீர்ப்பைச் சட்டம் இல்லாத சமரசம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஒரு பஞ்சாயத்து செய்யக்கூடியதைச் செய்ய இத்தனை பக்கம் எதற்கு என்று என் நண்பர் ஒருவரும் கேட்டார். நான் இதை முழு மனதோடு மறுக்கிறேன். விசாரிக்காமல் பாதி பாதி என்று சொல்வது வேறு. நம் கிராமங்களில் வரப்புத் தகராறில் அப்படிச் சொல்லி அனுப்பி, தலைமுறை தாண்டியும் ஆறாத பகையைப் பார்த்திருக்கிறேன். இங்கே பாதி என்பது விசாரணையின் முடிவில் வந்தது. ஒவ்வொரு நொடியையும் பிரித்துப் பார்த்து, பொய் சொன்னவர்களை அடையாளம் காட்டி, தெரியாததைத் தெரியாது என்று எழுதி, ஒருவருக்கு என்ன உரிமை, மற்றவருக்கு என்ன உரிமை என்று தனித்தனியாக நிறுவிய பிறகு, இரண்டும் சமமாக நின்றதால் வந்த பாதி. அதில் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை, குற்றம் செய்தவர்கள் யாரும் பிடிபடவில்லை என்பது. போபோவை அடித்தவர்கள், உதைத்தவர்கள் இன்னார் என்று ஒளிப்பதிவாலும் சாட்சிகளாலும் நிறுவ முடியவில்லை. அவர்கள் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். செலவும் மன உளைச்சலும் தவறு செய்யாத இருவர் தலையில் விழுந்தது.

2003 ஜூன் மாதம் நியூயார்க்கில் பந்து ஏலத்துக்கு வந்தது. மக்வயரின் பந்தை வாங்கிய அதே டாட் மக்ஃபார்லேன்தான் இதையும் வாங்கினார். இந்தத் தடவை விலை 4,50,000 டாலர். ஆளுக்கு 2,25,000. போபோவின் வழக்கறிஞர் தன் கட்டணத்துக்காக அவர்மேலேயே வழக்கு போட்டார். கேட்ட தொகை பந்தின் முழு விலையைவிட அதிகம். தொழில் செய்கிறவனாக இந்தச் செய்தியைப் படித்து வருந்தினேன். வழக்கு தொடங்கும் நாளிலேயே செலவு எவ்வளவு ஆகும், சொத்தின் மதிப்பு எவ்வளவு என்று கட்சிக்காரரை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும்.

சட்டக் கல்லூரிகளில் சுவாதீனம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நரியையும் மீனையும் நடத்துகிற அதே வாரத்தில் இந்தத் தீர்ப்பையும் மாணவர்கள் கையில் கொடுங்கள். சிறிய தீர்ப்புதான், ஒரே அமர்வில் படித்துவிடலாம். சட்ட விவாதத்துக்குப் போகும் முன் உண்மை விவரங்கள் எழுதப்பட்ட பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நாளைக்குப் பிராது எழுதப்போகிற பிள்ளைகள் அவர்கள்.